ரெண்டு பக்கமும் ஒரே தாத்தா

வாசகர் கேள்வி, நாய் டாக்டர் பதில்

போன மாசம் இந்த பக்கத்துல "அப்பா நாயையும் மக நாயையும் சேத்து குட்டி எடுக்கலாமா"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, இடம் இல்லாததால "வேணாம்"னு ஒத்த வார்த்தைல பதில் போட்டு முடிச்சுட்டேன். அதுக்கப்புறம் வந்த கடுதாசியும் வாட்ஸ்அப்பும் பாத்துட்டு ஆசிரியரே "இந்த தடவ முழுசா இதுக்கே எடுத்துக்குங்க"ன்னுட்டாரு. பாதி பேரு ஏன்னு கேக்குறீங்க, மீதி பேரு சண்டைக்கு வர்றீங்க. பேரு போட வேணாம்னு நெறைய பேரு சொன்னதால நாய் பேர மட்டும் போட்டிருக்கேன், அதுங்க கோவிச்சுக்காது.

டாக்டர், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பரோட 35,000 ரூபா குடுத்து லேப்ரடார் குட்டி வாங்கினோம். இப்ப ஒன்பது மாசம். படுத்து எந்திரிக்கறப்ப பின்னங்கால் தடுமாறுது, ஓடுறப்ப ரெண்டு பின்னங்காலையும் சேத்து வெச்சு முயல் மாதிரி தாவுது. எக்ஸ்ரே எடுத்துட்டு ஹிப் டிஸ்ப்ளேசியான்னு சொல்றாங்க. பேப்பர் இருக்கற நாய்க்கு எப்படி சார் இப்படி வரும்?
– ப்ரூனோவோட அப்பா, தாம்பரம்

சார், பேப்பர்னா என்னன்னு நம்மாளுங்க நெனச்சுட்டு இருக்கறதுலயே பாதி குழப்பம் இருக்கு. அது அப்பா யாரு, அம்மா யாரு, அவங்க அப்பா அம்மா யாருன்னு எழுதி வெச்ச வம்சாவளி, அவ்ளோதான். உங்க நாய் நல்லா இருக்குன்னு அதுல யாரும் கையெழுத்து போடல. ஆனா அந்த பேப்பர படிக்க தெரிஞ்சா அது நெறைய விஷயம் சொல்லும். நீங்க அனுப்பின போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். ப்ரூனோவோட அப்பாவுக்கு அப்பா யாருன்னு பாருங்க, அப்புறம் அப்படியே கீழ எறங்கி அம்மாவுக்கு அப்பா யாருன்னு பாருங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு, முன்னாடி சாம்பியன்னு பட்டம் வேற. அதாவது ப்ரூனோவோட அப்பாவும் அம்மாவும் ஒரே தகப்பனுக்கு பொறந்தவங்க, தாய் மட்டும் வேற.

இதனாலதான் இடுப்பு போச்சுன்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், சொன்னா அது பொய். இடுப்பு மூட்டுங்கறது கிண்ணத்துல பந்து உக்கார்ற மாதிரி, கிண்ணம் ஆழம் பத்தாம போறதுக்கு ஒரு ஜீன் இல்ல, நெறைய ஜீன் சேந்து வேல பாக்குது, அதோட குட்டி கொழுகொழுன்னு இருக்கணும்னு நாம கண்டபடி ஊட்டி வளக்குறதும் வழவழ டைல்ஸ் தரையில வழுக்கி வழுக்கி ஓட விடறதும் கூட சேந்துக்கும். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே தாத்தான்னா, தாத்தாகிட்ட இருந்த நல்லது கெட்டது எல்லாமே டபுளா வந்து சேர்ற வாய்ப்பு கூடுது.

இப்ப செய்ய வேண்டியது, எடைய கொறைங்க, இதுதான் முக்கியமான மருந்து. ஹால்ல ரப்பர் மேட் போடுங்க. மாடிப்படி, சோபாவுல தாவறது, பந்து தூக்கி போட்டு தொரத்த விடறது இதெல்லாம் நிறுத்துங்க, நீச்சல் கெடச்சா ரொம்ப நல்லது. வலி மாத்திரை உங்க டாக்டர் சொல்ற அளவுல மட்டும், மனுசங்க போடற புரூஃபென், டோலோ எதையும் கையில எடுக்காதீங்க. வலி அடங்கலைன்னா ஆபரேஷன் பத்தி எலும்பு பாக்குற டாக்டர்கிட்ட பேசுங்க. ப்ரூனோவ வெச்சு குட்டி எடுக்க வேணாம். அடுத்த தடவ வாங்கறப்ப பேப்பரோட சேத்து அப்பா அம்மா ரெண்டு பேரோட இடுப்பு எக்ஸ்ரேவையும் கேளுங்க, ரெண்டு வயசுக்கு மேல எடுத்ததா இருக்கணும். கேட்டதும் முறைச்சா வேற எடம் பாத்துக்கலாம்.

எங்க பக்கத்துல அக்கா பொண்ண கட்டறது சர்வ சாதாரணம். நானே தாய்மாமனத்தான் கட்டியிருக்கேன், ரெண்டு புள்ளைங்களும் நல்லா படிக்குதுங்க. மனுசனுக்கே ஒண்ணும் ஆகலைங்கறப்ப நாய்க்கு மட்டும் ஏன் இவ்ளோ பயம் காட்டுறீங்க?
– டேஸியோட அம்மா, காரைக்குடி

நல்ல கேள்விம்மா, நெறைய பேரு மனசுல இருக்கறத நீங்க தைரியமா கேட்டுட்டீங்க. கணக்கு சொல்றேன். எல்லாருக்கும் ஒவ்வொரு ஜீனும் ரெண்டு காப்பி, அப்பாகிட்டருந்து ஒண்ணு, அம்மாகிட்டருந்து ஒண்ணு. வீட்டு சாவி ரெண்டு வெச்சிருக்கோம்ல, ஒண்ணு வளஞ்சு போனாலும் இன்னொண்ணு கதவ தெறக்கும். ஆனா ரெண்டுமே அதே வளஞ்ச சாவிய பாத்து போட்ட டூப்ளிகேட்டா இருந்தா தெருவுலதான் நிக்கணும். அந்த மாதிரி ரெண்டு காப்பியும் ஒரே மூதாதை கிட்டருந்து வந்திருக்கற வாய்ப்புக்குத்தான் இன்ப்ரீடிங் அளவுன்னு பேரு. அத்தை மக, மாமன் மகன் கட்டினா பொறக்கற புள்ளைக்கு 6.25 சதவீதம், தாய்மாமன கட்டினா 12.5. ப்ரூனோவோட அப்பா அம்மா மாதிரி ஒரு தகப்பன் வேற தாய்னா அதுவும் சரியா 12.5தான். அண்ணன் தங்கச்சி, அப்பா மகள்னா 25.

இப்ப பாருங்க, உங்க வீட்ல ஒரு தலைமுறை இப்படி, அடுத்த தலைமுறைல வெளில பொண்ணு எடுப்பீங்க, அதோட அந்த கணக்கு கலைஞ்சுடும். நாய்ல அப்படி இல்ல. வெளி ரத்தமே உள்ள வரக்கூடாதுன்னு பதிவேட்ட மூடி வெச்சுட்டாங்க. இங்கிலாந்துல 1859ல நியூகாசில்ல முதல் நாய் ஷோ, 1873ல நாய் வம்சாவளிய பதிவு பண்ற கென்னல் கிளப், அங்கருந்து இந்த கத தொடங்குது. அன்னைக்கு எழுதின கொஞ்ச நாய்ங்களோட வாரிசுங்களுக்குள்ளயே திரும்ப திரும்ப சம்பந்தம், அதுலயும் ஷோவுல ஜெயிச்ச கடுவனுக்கே எல்லாரும் பெட்டைய கொண்டு போறது. கலிஃபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல 227 ப்ரீடோட டிஎன்ஏவ வெச்சு பாத்து 2021ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, சராசரி அளவு கிட்டத்தட்ட 25 வந்துச்சு. நேரா அண்ணன் தங்கச்சிய சேக்கவே வேணாம், பேப்பர்ல சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியற ரெண்டு நாயும் டிஎன்ஏல அவ்ளோ நெருக்கம். லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆளுங்க 2008ல இங்கிலாந்து பக் நாய்ங்க பத்தி சொன்னது, பத்தாயிரம் பக் இருந்தாலும் ஜீன் கணக்குல அது வெறும் 50 நாய்க்கு சமம்னு. காரைக்குடியே மொத்தமா அம்பது பேர்கிட்டருந்து வந்து, அவங்களுக்குள்ளயே நூறு வருஷம் கட்டிக்கிட்டா எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க.

டால்மேஷியன், ஆண், நாலு வயசு. ரெண்டாவது தடவயா கல்லு அடைச்சு யூரின் போகாம ஆபரேஷன். எக்ஸ்ரேல கல்லே தெரியல, ஸ்கேன்லதான் தெரிஞ்சுது. எங்க தப்பு என்ன டாக்டர்? ஈரல்தான் அதுக்கு உசுரு, தினம் போடுவோம்.
– ஸ்பாட்டியோட வீட்டுக்காரங்க, கோயம்புத்தூர்

ஈரல இன்னைக்கே நிறுத்துங்க, மீதிய அப்புறம் படிங்க.

மத்த நாய்ங்க உடம்புல யூரிக் ஆசிட் கல்லீரலுக்குள்ள போய் ஈஸியா கரையற வேற ஒரு பொருளா மாறி வெளிய வந்துடும். டால்மேஷியனுக்கு அந்த யூரிக் ஆசிட்ட உள்ள தூக்கிட்டு போற சுமைதூக்கி வேல செய்யாது, கிட்னியும் அத திருப்பி உறிஞ்சாது, எல்லாம் அப்படியே யூரின்ல எறங்கி கல்லாகுது. பெட்டைக்கு கல்லு வந்தாலும் பெரும்பாலும் வெளிய வந்துடும், கடுவனுக்கு குழாய் குறுகல்ங்கறதால அடைச்சுக்கும். இந்த கல்லு சாதா எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, உங்க டாக்டர் ஸ்கேன் எடுத்தது சரி. ஈரல், கிட்னி, குடல் மாதிரி உள்ளுறுப்பு, மத்தி, நெத்திலி இதெல்லாம் வேணாம். சோறு, முட்டை, தயிர், காய், அதுல தண்ணி நெறைய ஊத்தி கொழகொழன்னு குடுங்க, அடிக்கடி வெளிய கூட்டிட்டு போங்க. அலோப்யூரினால்னு ஒரு மாத்திரை இருக்கு, ஆனா சாப்பாட்ட மாத்தாம அத மட்டும் போட்டா வேற வகை கல்லு உருவாகும், அதனால டாக்டர் பாக்காம தொடாதீங்க. மறுபடி முக்கி முக்கி சொட்டு சொட்டா போனா ராத்திரி ரெண்டு மணின்னாலும் தூக்கிட்டு ஓடுங்க.

தப்பு உங்களுது மட்டும் இல்ல. இந்த கோளாறு ப்ரீட் முழுக்க இருக்கு, சில டால்மேஷியனுக்குன்னு இல்ல, சுத்த ரத்தம்னு சொல்ற எல்லாத்துக்கும் ரெண்டு காப்பியும் கெட்ட காப்பிதான். எந்த டால்மேஷியனோட எந்த டால்மேஷியன சேத்தாலும் தப்பிக்க வழியே கெடையாது, ஏன்னா நல்ல காப்பி உள்ளயே இல்ல. அப்ப என்ன பண்ணனும், வெளிலருந்துதான் கொண்டு வரணும். அமெரிக்காவுல ராபர்ட் ஷைபிள்னு ஒரு ஜெனடிக்ஸ் டாக்டர், அவரே டால்மேஷியன் வளக்குறவர், 1973ல ஒரு பாயின்டர் நாய ஒரே ஒரு தடவ டால்மேஷியனோட சேத்தாரு. அதுல வந்த குட்டில நல்ல காப்பி உள்ளத பொறுக்கி திரும்ப டால்மேஷியனுக்கே குடுத்தாரு, அதுல வந்தத மறுபடி டால்மேஷியனுக்கு, இப்படியே போனாரு. ஒவ்வொரு தலைமுறைக்கும் பாயின்டர் ரத்தம் பாதியாகும், பத்து தலைமுறை தள்ளி பாத்தா ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல, புள்ளி எல்லாம் டால்மேஷியன் புள்ளியேதான், யூரிக் ஆசிட் மட்டும் நம்ம தெரு நாய் மாதிரி நார்மல்.

ஜனங்க கொண்டாடியிருக்கணும்ல? 1981ல அமெரிக்கன் கென்னல் கிளப் அதுல ரெண்டு நாய பதிவு பண்ணுச்சு, உடனே டால்மேஷியன் வளக்குறவங்க "எங்க நாய்ல கலப்பா"ன்னு கொதிச்சு எழுந்து, அதோட பதிவு நின்னு போச்சு. 2008ல எந்த ஜீன்னு கண்டுபுடிச்சு டெஸ்ட்டும் வந்துச்சு. 2010ல இங்கிலாந்து கென்னல் கிளப் ஃபியோனாங்கற ஒரு பெட்டைய ஏத்துக்கிச்சு, 2011ல அமெரிக்காவும் எறங்கி வந்துச்சு. 1973க்கும் 2011க்கும் நடுவுல 38 வருஷம். வைத்தியம் கையில இருக்கறப்பவே அத்தன வருஷமும் நாய்ங்க கல்லு அடைச்சு துடிச்சுதுங்க, தடுத்தது மருந்து இல்லாம இல்ல, பேப்பர்ல ஒரு வேத்து பேரு வந்துடுமேங்கற கௌரவம். இத நான் எப்ப சொன்னாலும் எனக்கு கொஞ்சம் சத்தம் ஏறிடும், மன்னிச்சுக்குங்க.

எங்க ராஜபாளையம் குட்டிக்கு மூணு மாசம். பேரு சொல்லி கூப்டா திரும்பறதே இல்ல, திமிர்னு நெனச்சோம். மாமா காது கேக்கலையோன்னு சந்தேகப்படறாரு. வீட்லயே கண்டுபுடிக்க முடியுமா?
– வீரா, திருமங்கலம்

மாமா சொல்றதுதான் சரியா இருக்கும்னு தோணுது. குட்டி அசந்து தூங்கறப்ப பின்பக்கமா நின்னு, தரை அதிராம, காத்தும் மேல படாம, ஒரு எவர்சில்வர் தட்டுல கரண்டியால தட்டுங்க. காது கூட அசையலைன்னா ரெண்டு காதும் போச்சுன்னு வெச்சுக்கலாம். ஒரு காது மட்டும் கேக்காம இருந்தா வீட்ல கண்டுபுடிக்க முடியாது, அதுக்கு பேயர்னு ஒரு டெஸ்ட், மூளைக்கு சத்தம் போய் சேருதான்னு ஒயர் வெச்சு பாக்குறது. எங்க எடுக்கறாங்கன்னு சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரில விசாரிச்சு பாருங்க.

இது ஏன் வருதுன்னா, தோலுக்கு கலர் குடுக்கற அதே செல்லு உள்காதுலயும் வேல பாக்குது. பால் வெள்ளை, ரோஸ் மூக்குதான் வேணும்னு நாம பொறுக்கி பொறுக்கி சேத்ததுல சில குட்டிக்கு காதுக்கு போக வேண்டிய செல்லும் போய் சேரல, பொறந்து சில வாரத்துலயே காது அடஞ்சு போயிடுது. டால்மேஷியன்லயும் இதே கததான், அமெரிக்காவுல எடுத்த கணக்குல கிட்டத்தட்ட மூணுல ஒண்ணுக்கு ஒரு காதாவது கேக்கல. நம்ம ராஜபாளையத்துக்கு 2005ல தபால்தலை வெளியிட்டப்ப எல்லாரும் பெருமப்பட்டோம், அதே நாயோட நல்ல கடுவன் ஒரு வட்டாரத்துல நாலஞ்சுதான் இருக்குங்கற நெலமைல அதுக்குள்ளயே மாத்தி மாத்தி சேத்தா வேற என்ன வரும். கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் திட்டு விழுந்த குட்டிய யாரும் சீண்டறதே இல்ல, எனக்கு தெரிஞ்சு அதுங்கதான் நல்லா காது கேக்குற குட்டிங்க.

செவிட்டு நாய நல்லா வளக்கலாம், பயப்படாதீங்க. கை சைகை பழக்குங்க, கூப்பிட தரைல காலால தட்டுங்க, பின்னாடி போய் திடீர்னு தொடாதீங்க, பயத்துல கடிச்சுடும். கயிறு இல்லாம ரோட்டுக்கு விடவே கூடாது. குட்டி எடுக்கக் கூடாது, அத வித்தவர்கிட்டயும் சொல்லுங்க, அந்த ஜோடிய மறுபடி சேக்காம இருப்பாரு.

எங்க லேப் எப்ப பாத்தாலும் பசி பசின்னு அலையுது. வயித்துல பூச்சியா?
– மணியம்மா, ஈரோடு

பூச்சி மருந்து குடுத்து பாருங்க, ஆனா அதுவா இருக்காதுன்னு நெனக்கிறேன். கேம்பிரிட்ஜ்ல 2016ல கண்டுபுடிச்சது, லேப்ரடார்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு பாம்க்-ங்கற ஜீன்ல ஒரு துண்டு விட்டு போயிருக்கு, வயிறு ரொம்பின சேதி மூளைக்கு சரியா போகாது. அது நடிக்கல, நெஜமாவே பசிக்குது. இதுல வேடிக்கை என்னன்னா ட்ரெய்னிங் குடுத்து உதவிக்கு வெச்சிருக்கற லேப்கள்ல இந்த கோளாறு இன்னும் ஜாஸ்தி, பிஸ்கட்டுக்கு என்ன வேணா செய்யும்ல. நீங்க அளந்து போடுங்க, அது பாக்குற பார்வைக்கு மசியாதீங்க.

என் பக் மே மாசத்துல மயங்கி விழுந்துடுச்சு. இதுவும் சொந்தத்துல சேத்ததாலயா?
– சிம்பா, வேலூர்

இது வேற கேஸ், ரெண்டயும் போட்டு கொழப்பிக்க வேணாம். ப்ரூனோ, ஸ்பாட்டி கதைல நோய் ஒளிஞ்சுட்டு வந்துச்சு, யாரும் கேட்டு வாங்கல. பக்கோட மொகம் நாம கேட்டு வாங்குனது. மூஞ்சி சப்பையா இருந்தாத்தான் அழகுன்னு எலும்ப சுருக்கினோம், உள்ள இருக்கற சதை சுருங்கல, அண்ணம் நீண்டு தொண்டைய மறைக்குது, மூக்கு ஓட்ட கோடு மாதிரி இருக்கு. நாய்க்கு வேர்வ கெடையாதுன்னே சொல்லலாம், மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளியேத்தணும், மூச்சே போகலைன்னா வேலூர் வெயில்ல என்ன பண்ணும். 2003ல ஹட்ச் செல்போன் விளம்பரத்துல அந்த குட்டி ஒரு பையன் பின்னாடியே போச்சு, அதுலருந்து ஊரெல்லாம் பக். லண்டன் ராயல் வெட்னரி காலேஜ்காரங்க 2022ல கணக்கு போட்டு, மத்த நாய்ங்கள விட பக்குக்கு ஏதாவது ஒரு நோய் வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு சொன்னாங்க. உங்களுக்கு நான் சொல்றது, காலைல ஆறரைக்கு மேல வாக்கிங் கூடாது, கழுத்து பெல்ட்ட தூக்கி போட்டுட்டு ஹார்னஸ் மாட்டுங்க, ஒரு கிலோ கூட ஏற விடாதீங்க. மூக்கு ஓட்டையையும் அண்ணத்தையும் சரி பண்ற ஆபரேஷன் இருக்கு, சின்ன வயசுலயே பண்ணிட்டா பலன் ஜாஸ்தி. மயங்கினா சாதா தண்ணிய உடம்பெல்லாம் ஊத்தி ஃபேன் போட்டுட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க.

இப்படி நோயோட பொறக்க வெக்கிறத தடுக்க எந்த நாட்டுலயும் சட்டமே இல்லையா?
– பேரில்லாத தெரு நாய் வளப்பவர், புதுச்சேரி

இருக்கு. நார்வேல ஒரு விலங்கு நல அமைப்பு கேஸ் போட்டு, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல இப்ப பண்ற மாதிரி ப்ரீட் பண்றது சட்டப்படி தப்புன்னு தீர்ப்பு வாங்கினாங்க. பாக்க பொம்ம மாதிரி இருக்கும் அந்த நாய், அஞ்சு வயசுக்குள்ள பாதிக்கு பாதி இதய வால்வு ஒழுகும், மண்ட ஓடு மூளைக்கு பத்தாம முதுகுத்தண்டுல நீர் கோத்துக்கற வியாதி வேற. அதே கேஸ்ல புல்டாக் தப்பிச்சுடுச்சு. எனக்கு அது புரியவே இல்ல, இங்கிலாந்துல புல்டாக் ஈத்துல நூத்துக்கு எம்பதுக்கு மேல வயித்த கிழிச்சுத்தான் எடுக்கறாங்க. நெதர்லாந்துல மூக்கோட நீளத்த அளந்து, ஒரு அளவுக்கு கீழ இருந்தா குட்டி எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. நம்ம நாட்டுல 2017 விதிப்படி ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணிருக்கணும், எட்டு வாரத்துக்குள்ள குட்டிய விக்கக் கூடாது. 2024ல தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கைல பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உட்பட 11 ப்ரீட் நம்ம வெயிலுக்கு ஆகாதுன்னு பட்டியல் போட்டாங்க. விதி இருக்கு, பாக்கத்தான் ஆளு கம்மி.

தம்பி, நான் 22 வருஷமா ஜெர்மன் ஷெப்பர்டும் கோல்டனும் ப்ரீட் பண்றேன். லைன் ப்ரீடிங் இல்லாம ஒரு சாம்பியனும் வந்ததில்ல. தலை, நிறம், நடை எல்லாம் செட் ஆகணும்னா ரத்தத்துக்குள்ளதான் போகணும். தொழில கெடுக்காதீங்க.
– சேலம் வாசகர்

அண்ணே, நீங்க சொல்றது உண்மை, நான் மறுக்கவே இல்ல. சொந்தத்துக்குள்ள போனா தலை செட் ஆகும், நடை செட் ஆகும். அதோட நீங்க கேக்காததும் செட் ஆகும், அதுதான் வம்பு. லைன் ப்ரீடிங்ங்கறது இன்ப்ரீடிங்குக்கு வெச்ச செல்லப் பேரு, தாத்தா பேத்தின்னா லைன் ப்ரீடிங், அப்பா மகள்னா இன்ப்ரீடிங்னு நாமளா பிரிச்சுக்கிட்டோம், ஜீனுக்கு அந்த கோடு தெரியாது. இங்கிலாந்து கென்னல் கிளப்பே 2009லருந்து அப்பா மக, அம்மா மகன், அண்ணன் தங்கச்சி குட்டிய பதிவு பண்றதில்ல, அதுக்கு முன்னாடி வருஷம் பிபிசி ஒரு டாக்குமென்டரி போட்டு நாடே கொந்தளிச்ச பிறகு.

உங்க ஈத்து நோட்ட ஒரு தடவ எடுத்து பாருங்க. 22 வருஷம் முன்னாடி கோல்டனுக்கு ஒரு ஈத்துக்கு எத்தன குட்டி, இப்ப எத்தன? அமெரிக்காவுல கோல்டன் ரிட்ரீவர் பெட்டைங்கள வெச்சு 2019ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இன்ப்ரீடிங் பத்து சதவீதம் கூடினா ஈத்துக்கு ஒரு குட்டி கொறையுதுன்னு. ஒரு குட்டின்னா இன்னைக்கு வெல என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா.

கலப்பு பண்ணுங்கன்னு நான் சொல்லல. அதே ப்ரீட்ல வேற ஊரு, வேற கென்னல், மூணு தலைமுறைக்கு பேரு ஒட்டாத கடுவனா பாருங்க. பக்கத்து மாநிலம் போற செலவு ஒரு சிசேரியன் செலவ விட கம்மி. எல்லாரும் அதே சாம்பியனுக்கு ஓடறப்ப நீங்க ரெண்டாவது பரிசு வாங்கினதுக்கு போங்க. டிஎன்ஏ டெஸ்ட் எடுங்க, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வயசானப்பறம் பின்பக்கம் செயலிழந்து போற வியாதிக்கு டெஸ்ட் இருக்கு. ஆனா ஒரு கெட்ட காப்பி இருக்குன்னு வந்தவுடனே அந்த நாய தூக்கி எறிஞ்சுடாதீங்க, நல்ல நாய்னா ரெண்டும் நல்ல காப்பி உள்ளதோட சேத்தா எந்த குட்டிக்கும் அந்த நோய் வராது. கெட்ட காப்பி உள்ளது எல்லாத்தையும் கழிச்சு கட்டினா மிச்சம் இருக்கற கொஞ்சத்துக்குள்ள மறுபடி நெருக்கம்தான், வேற ஒரு நோய் தலை தூக்கும். பசெஞ்சி நாய்ல இந்த மாதிரி சிக்கல்ல மாட்டித்தான் அமெரிக்கால 1990ல பதிவேட்ட தெறந்து ஆப்பிரிக்காவுலருந்து நேரா கொண்டு வந்த நாய்ங்கள சேத்துக்கிட்டாங்க.

ஊட்டில இருக்கோம், ரஃப் கோலி வெச்சிருக்கோம். உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடலாம்னு மெடிக்கல்ல சொல்றாங்க.
– லில்லி

போடாதீங்க! கோலில முக்கால்வாசிக்கு கிட்ட எம்டிஆர்1-ங்கற ஜீன்ல ஒரு கோளாறு இருக்கு, மூளைக்குள்ள மருந்து போகாம தடுக்கற வாசல் காவல் இல்லாம போயிடுது. சொறிக்கும் உண்ணிக்கும் போடற அளவுக்கு போட்டா தள்ளாடி, கண் தெரியாம, கோமால படுத்துடும். இந்த கோளாறு 1800கள்ல இங்கிலாந்து பக்கம் வாழ்ந்த ஒரே ஒரு ஆட்டு நாய்கிட்டருந்து வந்ததுன்னு ஜீன வெச்சு சொல்றாங்க, அந்த ஒத்த நாயோட சொத்துதான் உங்க லில்லி வரைக்கும் வந்திருக்கு. உண்ணிக்கு வேற மாத்திரை இருக்கு, கோலின்னு முதல்லயே சொல்லி டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க.

நாட்டு நாய், கலப்பு நாய் வளத்தா நோயே வராதாமே?
– கருப்பு, நாமக்கல்

யாரு சொன்னா? டேவிஸ்லயே 2013ல பரம்பரை நோய் 24 எடுத்து ஒப்பிட்டாங்க, பத்து நோய் ப்ரீட் நாய்ல ஜாஸ்தி, ஒண்ணு கலப்பு நாய்ல ஜாஸ்தி, மீதி 13ல வித்தியாசமே இல்ல. லேப்ரடார பூடிலோட சேத்து பெரிய வெல சொல்றாங்களே, கண்ணு பார்வை போற ஒரே ஜீன் கோளாறு அந்த ரெண்டு ப்ரீட்லயும் இருக்கு, ரெண்டுலயும் ஒளிஞ்சிருந்தா குட்டிக்கு வரும். கருப்ப கொஞ்சிக்குங்க, தடுப்பூசிய மறக்காதீங்க.

அவசரம் டாக்டர். ஒரே ஈத்துல பொறந்த அண்ணனும் தங்கச்சியும் வீட்ல இருக்கு. நேத்து சாயங்காலம் மாடில சேந்துடுச்சுங்க. கலைக்க ஊசி போட்டுடலாமா?
– டாமியும் ஜூலியும், தஞ்சாவூர்

இது பத்திரிகைக்கு எழுதற கேள்வியாங்க, இதழ் வர்றதுக்குள்ள குட்டியே வந்துடும், அதனால போன்ல பதில் சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்க. பழைய ஹார்மோன் ஊசி ஒண்ணு இன்னும் சில எடத்துல போடறாங்க, அது கர்ப்பப்பைல சீழ் புடிக்கவும் ரத்தம் குறையவும் வெக்கும், வேணாம். குட்டியே வேணாம்னா ஹீட் முடிஞ்சதும் சீக்கிரமே ஜூலிக்கு கர்ப்பப்பைய எடுத்துடறது பாதுகாப்பு, எந்த நாள்னு உங்க டாக்டர் பாத்து சொல்லுவாரு. ஏற்கனவே குட்டி பொறந்துட்டா கொன்னுடணும்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க, அந்த குட்டிங்கள்ல பல நல்லாவும் இருக்கும், வீடு பாத்து குடுங்க, வாங்கறவங்ககிட்ட அப்பா அம்மா யாருன்னு மறைக்காம சொல்லி, குட்டி எடுக்காம ஆபரேஷன் பண்ணிடணும்னு கேட்டுக்குங்க. டாமிய இந்த வாரமே கூட்டிட்டு போங்க, ஆபரேஷன் ஆன பிறகும் ஒரு மாசம் தனியா கட்டி வைங்க, அதுவரைக்கும் உள்ள விந்து இருக்கும். மாடி கதவுக்கு நல்ல தாழ்ப்பாளா வாங்கி போடுங்க.